ஜிபியு கம்பைலரில் எந்த ஆப்டிமைசேஷன் அளவை இயல்புநிலையாக வைப்பது: முழுமையான வழிகாட்டி

ஜிபியு நிரலுக்கு முதன்முறை பில்டு அமைப்பு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சிபியு பழக்கத்தை அப்படியே கொண்டுவருகிறார்கள். எழுதும் காலத்தில் ஓ0 (ஆப்டிமைசேஷன் இல்லாத அளவு), வெளியிடும்போது ஓ3 (முழு ஆப்டிமைசேஷன்). ஜிபியுவில் இது இரண்டு இடங்களில் சறுக்கும். முதலாவது, ஓ0 என்று எழுதினால் கெர்னலும் (ஜிபியுவில் ஓடும் செயற்கூறு) ஓ0-வில்தான் கம்பைல் ஆகிறதா என்பது கருவிக்குக் கருவி மாறும். இரண்டாவது, ஓ0-வில் ஓடும் கெர்னல் வெறும் மெதுவான கெர்னல் அல்ல. அதன் ரெஜிஸ்டர் (சிப்புக்குள் மதிப்புகளை வைக்கும் மிக வேகமான இடம்) கணக்கு வேறு, நினைவகத்தைத் தொடும் விதம் வேறு. சில நேரம் அது தொடங்கவே தொடங்காது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். டிவைஸ் பக்கத்துக்கு (ஜிபியுவில் ஓடும் பகுதி; சிபியுவில் ஓடுவது ஹோஸ்ட்) எல்லா பில்டுகளிலும் முழு ஆப்டிமைசேஷன். வரி எண் தகவல் எப்போதும் உண்டு. ஃபாஸ்ட் மேத் (துல்லியத்தை விட்டுக்கொடுத்து வேகம் வாங்கும் கணக்கு முறை) தானாக ஒருபோதும் இல்லை. டீபக்கருக்கான ஓ0 பில்டு, கேட்டு வாங்கினால் மட்டும். ஏன் இப்படி, ஒவ்வொரு கருவியிலும் இதை எப்படி அமைப்பது, அமைந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது என்பதே கீழே வருகிறது.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் ஃப்ளாகுகளையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

படி 1: எந்தக் கட்டத்தில் எந்தக் கம்பைலர் என்று பிரித்துப் பாருங்கள்

என்விடியாவின் என்விசிசி தனியொரு கம்பைலர் அல்ல. பல கருவிகளை வரிசையாக ஓட்டும் மேஸ்திரி. ஒரே கோப்பிலிருந்து ஹோஸ்ட் பகுதியைப் பிரித்து ஜிசிசி, கிளாங் அல்லது விஷுவல் சி++ கையில் கொடுக்கிறது. டிவைஸ் பகுதி சிஐசிசி என்ற, எல்எல்விஎம் என்னும் கம்பைலர் தளத்தைச் சார்ந்த கம்பைலருக்குப் போய்ப் பிடிஎக்ஸ் என்னும் இடைநிலை மொழியாகிறது. அந்தப் பிடிஎக்ஸை பிடிஎக்ஸ்ஏஎஸ் என்ற கருவி, குறிப்பிட்ட ஜிபியுவின் இயந்திரக் கட்டளைகளாக மாற்றுகிறது. ரெஜிஸ்டர் ஒதுக்கீடு, கட்டளை வரிசை அமைப்பு போன்ற கனமான வேலைகள் இந்தக் கடைசிக் கட்டத்தில் நடக்கின்றன.

என்விசிசிக்குக் கொடுக்கும் -ஓ ஃப்ளாக் ஹோஸ்ட் பகுதிக்கு உரியது. பிடிஎக்ஸ்ஏஎஸ்-க்குத் தனியாக ஒரு -ஓ உண்டு. அதன் இயல்புநிலை 3. அதை மாற்ற வேண்டுமானால் -எக்ஸ்பிடிஎக்ஸ்ஏஎஸ் வழியாக அனுப்ப வேண்டும். எனவே "என்விசிசி -ஓ0" என்று எழுதினால் ஹோஸ்ட் சி++ தான் ஆப்டிமைசேஷன் இல்லாமல் வரும். கெர்னல் ஓ3-இலேயே நிற்கும். "ஓ0-க்கும் ஓ3-க்கும் கெர்னல் நேரம் ஒன்றாகவே இருக்கிறதே" என்று குழம்புகிறவர்களுக்கு விடை இதுதான்.

இன்னொரு குழப்பம் ஜி எழுத்தில். சின்ன எழுத்து -ஜி ஹோஸ்ட் டீபக் தகவல் மட்டும் தரும். பெரிய எழுத்து -ஜி டிவைஸ் டீபக் தகவல் தரும். கூடவே டிவைஸ் ஆப்டிமைசேஷன் முழுவதையும் அணைத்துவிடும். ஷிஃப்ட் விசை அழுத்தினோமா இல்லையா என்பதில் கெர்னலின் வேகம் பல மடங்கு மாறிவிடும். பெரிய -ஜியோடு --டிஆப்ட் ஆன் என்று சேர்த்தால் ஆப்டிமைசேஷன் நிற்கும், டீபக் தகவல் ஓரளவுக்கே கிடைக்கும்.

படி 2: எதுவும் கொடுக்காவிட்டால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே மூல நிரலை வெவ்வேறு கருவிகளில் ஃப்ளாக் இல்லாமல் கம்பைல் செய்தால் நடப்பது இது.

என்விசிசி: ஹோஸ்ட் ஆப்டிமைஸ் ஆகாது, டிவைஸ் ஓ3.

அதே கியூடா (என்விடியாவின் ஜிபியு நிரல் முறை) கோப்பை நேரடியாகக் கிளாங்கில் கொடுத்தால் இரண்டு பக்கமும் ஓ0. கிளாங் தன் -ஓ அளவையே பிடிஎக்ஸ்ஏஎஸ்-க்கும் கடத்துகிறது; -ஓ எதுவும் இல்லையென்றால் வலியப்போய் -ஓ0 என்று சொல்லி அழைக்கிறது. என்விசிசியிலிருந்து கிளாங்குக்கு மாறியதும் "கிளாங் மோசமாகக் கம்பைல் செய்கிறது" என்ற தீர்ப்புக்கு வருவதற்கு முன் இதைப் பாருங்கள்.

ஏஎம்டியின் ஹிப்சிசி (ஹிப் என்ற ஜிபியு நிரல் மொழிக்கான கருவி): -ஓ கொடுக்காவிட்டால் தானே -ஓ3 சேர்த்துக்கொள்ளும். ஆனால் ஹிப்சிசி கிளாங்கின் மேல் போர்த்திய ஓர் உறை மட்டுமே. அந்த உறையை விட்டுவிட்டு ராக்எம் (ஏஎம்டியின் ஜிபியு மென்பொருள் தொகுப்பு) கிளாங்கை நேரடியாக அழைத்தால் ஓ0. சிமேக் என்ற பில்டு கருவியின் ஹிப் மொழி ஆதரவு கிளாங்கைத்தான் நேரடியாக அழைக்கிறது. கையால் எழுதிய மேக்ஃபைலில் ஹிப்சிசி வைத்திருந்தவர்கள் சிமேக்குக்கு மாறியதும் கெர்னல் படுத்துவிடுவதற்கு இது முக்கியக் காரணம்.

இன்டெலின் ஐசிபிஎக்ஸ்: -ஓ2. கூடவே மிதவைப்புள்ளி மாதிரி 'ஃபாஸ்ட்' என்பதும் இயல்புநிலை. இரண்டாவதுதான் கவனிக்க வேண்டியது. படி 5-இல் வருகிறோம்.

ஓப்பன்சிஎல்-இல் எண்களே கிடையாது. ஆப்டிமைசேஷன் இயல்பாகவே உண்டு, வேண்டாமென்றால் -சிஎல்-ஆப்ட்-டிசேபிள். டைரக்ட்எக்ஸின் டிஎக்ஸ்சி ஓ3-இல் தொடங்குகிறது, -ஓடி கொடுத்தால் அணையும். ஆப்பிளின் மெட்டலில் ஓடும் நேரத்தில் நூலகத்தைக் கம்பைல் செய்தால் ஃபாஸ்ட் மேத் தொடக்கத்திலேயே இயங்கும் நிலையில் இருக்கும்.

இத்தனை வேறுபாடு இருப்பதால் நடைமுறை விதி ஒன்றுதான்: கருவியின் இயல்புநிலையை நம்பாதீர்கள். அளவை வெளிப்படையாக எழுதுங்கள், அதையும் டிவைஸுக்குத் தனியாக எழுதுங்கள். கிளாங்கில் ஹோஸ்டையும் டிவைஸையும் பிரிக்க -எக்ஸ்ஆர்ச்_ஹோஸ்ட், -எக்ஸ்ஆர்ச்_டிவைஸ் என்று இரண்டு முன்னொட்டுகள் உண்டு. "-எக்ஸ்ஆர்ச்_ஹோஸ்ட் -ஓ0" என்றும் "-எக்ஸ்ஆர்ச்_டிவைஸ் -ஓ3" என்றும் எழுதினால் ஹோஸ்ட் பக்கத்தை வரிவரியாக டீபக் செய்யலாம், கெர்னலும் வேகமாக ஓடும்.

படி 3: டிவைஸ் ஓ0 ஏன் வேறு ஜாதி என்று புரிந்துகொள்ளுங்கள்

சிபியுவில் ஓ0 என்றால் உள்மாறிகள் ஸ்டாக்கில் இருக்கும். ஸ்டாக் பெரும்பாலும் எல்1 கேஷில் சூடாகவே இருக்கும். ஜிபியுவில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் அந்த ஸ்டாக் தனித்தனி. பல்லாயிரம் த்ரெட்டுகளின் ஸ்டாக் எல்லாம் லோக்கல் மெமரி என்ற பெயரில் போய் உட்காருவது டிவைஸ் நினைவகத்தில்தான். பெயர்தான் லோக்கல், இடம் தொலைவு. ஒரு கூட்டல் செய்யவும் மதிப்பை அங்கிருந்து எடுத்து, கூட்டி, திரும்ப அங்கேயே வைக்க வேண்டியிருக்கும். சின்னச் சின்னச் செயற்கூறுகளும் இன்லைன் ஆகாமல் (அழைக்கும் இடத்திலேயே விரியாமல்) உண்மையான அழைப்புகளாகிவிடும். டெம்ப்ளேட்டுகளை அடுக்கடுக்காகக் கட்டிய நூலகங்களுக்கு இது மரண அடி.

ரெஜிஸ்டர் கணக்கும் மாறும். ஏ100 போன்ற ஜிபியுவில் ஒரு எஸ்எம்-இல் (ஜிபியுவின் ஒரு கணிப்பு அலகு) 32 பிட் ரெஜிஸ்டர்கள் 65,536 உண்டு. 1024 த்ரெட் கொண்ட பிளாக் (ஒரே எஸ்எம்-இல் சேர்ந்து ஓடும் த்ரெட் கூட்டம்) ஒன்றை ஓட்ட வேண்டுமானால் த்ரெட் ஒன்றுக்கு 64 ரெஜிஸ்டருக்கு மேல் போகக் கூடாது. 1024 × 64 சரியாக 65,536. ஓ3-இல் 56 ரெஜிஸ்டரோடு ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல், பெரிய -ஜி போட்டதும் 72 கேட்டால் தேவை 73,728. பிளாக் உள்ளே நுழையாது. கெர்னல் ஒரு கட்டளைகூட ஓடாமல் பிழை எண் 701, அதாவது "தொடங்குவதற்குக் கேட்ட வளங்கள் மிக அதிகம்" என்று திரும்பும். லாஞ்சுக்குப் பின் பிழையைச் சோதிக்காத நிரலில் இது இன்னும் கொடுமை: வெளியீட்டு அரே பழைய மதிப்போடே இருக்கும், டீபக் பில்டில் மட்டும் விடை தவறாக வரும், இல்லாத பிழையைக் கெர்னலுக்குள் தேடிக்கொண்டிருப்போம். கெர்னலுக்கு __லாஞ்ச்_பவுண்ட்ஸ்__(1024) என்று எழுதிவைத்தால் கம்பைலருக்கு வரம்பு தெரியும். ரெஜிஸ்டரை 64-க்குள் அடக்கி, மிச்சத்தை லோக்கல் மெமரிக்குத் தள்ளும். மெதுவாகும், ஆனால் ஓடும்.

மூன்றாவது காரணம் பிழை ஒளிந்துகொள்வது. பகிர் நினைவகத்தில் ஒரு வார்ப்புக்குள் கூட்டுத்தொகை எடுக்கும் பழைய நிரல்கள் பல, வார்ப்பின் 32 த்ரெட்டுகளும் ஒன்றாகவே நடக்கும் என்று நம்பி ஒத்திசைவு இல்லாமல் எழுதப்பட்டவை. 2017-இல் வோல்டா கட்டமைப்பு த்ரெட்டுகளைத் தனித்தனியாக நகர்த்தும் முறையைக் கொண்டுவந்த பிறகு அந்த நம்பிக்கை செல்லாது. படிகளுக்கு நடுவே __சிங்க்வார்ப் வேண்டும். அது விடுபட்ட நிரலில், ஓ3 கம்பைலர் ஒரு படியின் மதிப்பை ரெஜிஸ்டரிலேயே வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போகலாம், பக்கத்து த்ரெட் எழுதியதைப் பார்க்காமலே. ஓ0-வில் ஒவ்வொரு படியும் நினைவகத்துக்குப் போய்வருவதால் விடை தற்செயலாகச் சரியாக வரும். "டீபக்கில் சரி, ரிலீஸில் தவறு" என்று வந்தால் கம்பைலர் மேல் சந்தேகப்படுவதற்கு முன் ஒத்திசைவைப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் இருக்கும்.

படி 4: பில்டு வகைகளை அமைக்கவும்

சிமேக் வைத்திருப்பவர்களே அதிகம் என்பதால் அதை எடுத்துக்கொள்வோம். என்விசிசிக்குச் சிமேக் இயல்பாகத் தருவது: டீபக் வகைக்குச் சின்ன -ஜி மட்டும்; ரிலீஸுக்கு -ஓ3-உம் அசெர்ட்டுகளை அணைக்கும் என்டீபக் மேக்ரோவும்; ரெல்வித்டெப்இன்ஃபோவுக்கு -ஓ2, சின்ன -ஜி, என்டீபக். படி 1-ஐ நினைவில் வைத்தால் விளைவு தெரியும்: மூன்றிலும் கெர்னல் ஓ3-தான். டீபக் வகையில்கூடக் கெர்னலுக்குள் பிரேக்பாயின்ட் வைத்து மாறிகளைப் பார்க்க முடியாது. இதைக் குறையென்று நினைத்துப் பலர் டீபக் வகைக்குள் பெரிய -ஜியைச் சேர்த்துவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். ஹோஸ்ட் பக்கத்தில் ஒரு கோப்பு வாசிக்கும் பிழையைத் தேடுகிறவர் டீபக் பில்டு போட்டால், இரண்டு நிமிடத்தில் முடியும் சோதனைக்காக மணிக்கணக்கில் காத்திருக்க நேரும்.

அமைக்க வேண்டிய முறை:

1. பில்டு வகை காலியாக இருந்தால் ரெல்வித்டெப்இன்ஃபோ என்று வைக்கவும். நிஞ்ஜா, மேக் போன்றவற்றோடு சிமேக் வகை எதுவும் தராமல் ஓடினால் எந்த -ஓ ஃப்ளாகும் போகாது. என்விசிசியில் ஹோஸ்ட் பாதிக்கும். ஹிப்பில் இரண்டும் பாதிக்கும்.

2. கியூடா கோப்புகளுக்கு எல்லா வகையிலும் -லைன்இன்ஃபோ சேர்க்கவும். இயந்திரக் கட்டளையையும் மூல வரியையும் இணைக்கும் அட்டவணையை மட்டும் இது சேர்க்கிறது, ஆப்டிமைசேஷனைக் குறைப்பதில்லை. கோப்பு கொஞ்சம் பெருக்கும். பதிலுக்கு, ப்ரொஃபைலரிலும் கம்ப்யூட்-சானிடைசர் என்ற பிழை தேடும் கருவியிலும் வரி எண் கிடைக்கும். மூல நிரலின் வரிகளை வெளியே காட்ட விரும்பாத வெளியீட்டுக்கு மட்டும் எடுத்துவிடலாம்.

3. "டிவைஸ் டீபக்" என்று தனி ஆப்ஷன் ஒன்று வைத்து, இயல்பில் அணைத்து வைக்கவும். அது இயங்கினால் மட்டும் பெரிய -ஜி. அப்போது -லைன்இன்ஃபோவை எடுத்துவிடவும். இரண்டும் சேர்ந்தால் பெரிய -ஜிதான் வெல்லும், ஒவ்வொரு கோப்புக்கும் எச்சரிக்கை வந்து லாகை நிறைக்கும்.

4. "சோதனை" என்று இன்னொரு வகை: டிவைஸ் ஓ3, -லைன்இன்ஃபோ, ஆனால் என்டீபக் இல்லாமல். கெர்னலுக்குள் எழுதிய அசெர்ட் எல்லாம் இதில் உயிரோடு இருக்கும். டிவைஸ் அசெர்ட்டுக்குப் பெரிய -ஜி தேவையில்லை. என்டீபக் இல்லாமல் இருந்தால் போதும்.

இந்த நான்காவது வகைதான் அன்றாடம் அதிகம் உழைக்கும். எல்லை தாண்டிய வாசிப்பு, பகிர் நினைவகப் போட்டி ஆகிய இரண்டையும் கம்ப்யூட்-சானிடைசரின் மெம்செக்கும் ரேஸ்செக்கும் ஆப்டிமைஸ் ஆன கெர்னலிலேயே பிடித்து, வரி எண்ணோடு சொல்லும். கெர்னலுக்குள் ஒவ்வொரு அடியாக நடக்க வேண்டிய தேவை உண்மையில் அரிது.

நூலகம் எழுதுகிறவர்களுக்கு ஒன்று: இந்த ஃப்ளாகுகளை டார்கெட்டில் பிரைவேட்டாகவே வைக்கவும். பப்ளிக் என்று வைத்தால் உங்கள் நூலகத்தை இணைக்கும் எல்லோருடைய கெர்னலுக்கும் உங்கள் விருப்பம் ஒட்டிக்கொள்ளும்.

படி 5: மிதவைப்புள்ளியை -ஓ அளவிலிருந்து பிரித்து வையுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் மையம். ஓ3 என்பது விடையை மாற்றாமல் வேகமாக்கு என்று கேட்பது. ஃபாஸ்ட் மேத் என்பது விடை கொஞ்சம் மாறினாலும் பரவாயில்லை என்று ஒப்புக்கொள்வது. இரண்டையும் ஒரே பொத்தானில் கட்டக் கூடாது. கிளாங்கின் -ஓஃபாஸ்ட் அப்படித்தான் கட்டியது. எல்எல்விஎம் 19-இல் அதைக் கைவிட வேண்டியது என்று அறிவித்துவிட்டார்கள்.

என்விசிசியின் --யூஸ்_ஃபாஸ்ட்_மேத் நான்கு அமைப்புகளை ஒன்றாக மாற்றும்: மிகச்சிறிய டீநார்மல் எண்களைச் சுழியாக்கும், வகுத்தலைத் தோராயமாக்கும், வர்க்கமூலத்தைத் தோராயமாக்கும், பெருக்கிக்கூட்டல் இணைப்பை (பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக்குவது) இயக்கும். இவற்றோடு சைன், கோசைன், எக்ஸ்ப் போன்ற ஒற்றைத் துல்லியச் செயற்கூறுகளை வன்பொருளின் தோராய வடிவங்களுக்கு மாற்றிவிடும். __சின்எஃப் என்ற தோராய சைன், −π முதல் π வரையான எல்லைக்குள் நன்றாகவே இருக்கும். அதற்கு வெளியே பிழை பெருகும். கோணத்தைக் கூட்டிக்கொண்டே போகும் சிமுலேஷனில் ஆயிரமாவது சுற்றில் விடை ஏன் திரிகிறது என்று தெரியாமல் தவிப்பது இதனால்தான்.

கிளாங்கின் -எஃப்ஃபாஸ்ட்-மேத் இன்னும் ஒரு படி மேலே போகும். என்ஏஎன்-உம் (எண் அல்லாத விடை) முடிவிலியும் வரவே வராது என்று எடுத்துக்கொள்ளும். அப்போது நிரலில் "இது என்ஏஎன்-ஆ" என்று கேட்கும் சோதனை, எப்போதும் இல்லை என்று மடிந்து காணாமல் போகலாம். ஐசிபிஎக்ஸில் இயல்புநிலையே ஃபாஸ்ட் என்பதால், பாதுகாப்புச் சோதனைகள் உள்ள சிக்கிள் (ஐசிபிஎக்ஸ் கம்பைல் செய்யும் ஜிபியு நிரல் முறை) நிரலுக்கு -எஃப்பி-மாடல்=பிரிசைஸ் என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். ஏதாவது கெர்னலுக்கு உண்மையிலேயே வேகம் தேவையென்றால் அந்தக் கோப்புக்கு மட்டும் தளர்த்துங்கள்.

பெருக்கிக்கூட்டல் இணைப்பு இன்னும் நுட்பமானது. ஃபாஸ்ட் மேத் இல்லாமலே கியூடாவில் அது இயல்பாக இயங்கும். பெருக்கலுக்கும் கூட்டலுக்கும் ஒரே ஒருமுறை முழுமையாக்குவதால் பொதுவாக விடை துல்லியமாகும். ஆனால் கணக்கின் சமச்சீரைக் கெடுக்கும். எக்ஸ், ஒய் இரண்டும் ஒற்றைத் துல்லிய 0.1 என்று வையுங்கள். எக்ஸ்×எக்ஸ் − ஒய்×ஒய் சுழியாக வேண்டும். கம்பைலர் ஒய்×ஒய்-ஐ முதலில் தனியாகக் கணக்கிட்டு முழுமையாக்குகிறது, 0.1-இன் வர்க்கத்துக்கு அந்த முழுமையாக்கல் மேல்நோக்கிப் போகும். பிறகு எக்ஸ்×எக்ஸ்-ஐ முழுமையாக்காமல் அதிலிருந்து கழிக்கிறது. கிடைப்பது சுழி அல்ல, ஏறத்தாழ −4.1 × 10⁻¹⁰. அடுத்த வரியில் வர்க்கமூலம் இருந்தால் என்ஏஎன். இணைப்பை எதிர்ப்பக்கம் செய்திருந்தால் அதே அளவு நேர்க்குறியோடு வந்து, யாரும் கவனிக்காமல் போயிருக்கும். எந்தப் பக்கம் இணைப்பது என்பது கம்பைலரின் விருப்பம். பதிப்பு மாறினால் அதுவும் மாறலாம்.

இதற்காக எல்லா இடத்திலும் --எஃப்மேட்=ஃபால்ஸ் போட வேண்டாம்; அணிப் பெருக்கம் போன்ற கெர்னல்களின் வேகம் பாதிக்குப் பாதி போய்விடும். சூத்திரத்தை (எக்ஸ்−ஒய்)×(எக்ஸ்+ஒய்) என்று மாற்றி எழுதலாம். அல்லது அந்த ஒரு வரியில் __எஃப்மல்_ஆர்என், __எஃப்ஆட்_ஆர்என் என்ற செயற்கூறுகளைப் பயன்படுத்தலாம். அவற்றைக் கம்பைலர் இணைக்காது. இணைப்பை அணைத்த பில்டு சோதனைக் கருவியாக மட்டும் நல்லது: விடை திரிந்தால் ஒருமுறை அப்படிக் கம்பைல் செய்து ஒப்பிட்டால், காரணம் இங்கேயா வேறெங்கா என்று உடனே தெரிந்துவிடும்.

வேகம் வேண்டிய இடத்தில் இதையே திருப்பிச் செய்யுங்கள். ப்ரொஃபைலர் ஒரு வகுத்தலைக் காட்டினால் அங்கே மட்டும் __எஃப்டிவைட்எஃப் எழுதுங்கள். அந்த வரியைப் படிக்கிறவருக்கு, இங்கே துல்லியத்தை விட்டுக்கொடுத்திருக்கிறோம் என்று நிரலே சொல்லும். ஃப்ளாக் அதைச் சொல்லாது.

படி 6: ரெஜிஸ்டரைக் கெர்னலில் கட்டுப்படுத்துங்கள், பில்டில் அல்ல

-மேக்ஸ்ஆர்ரெக்கவுன்ட்=32 என்று பில்டில் ஒரு வரி எழுதினால் எல்லாக் கெர்னலுக்கும் அந்த உச்சவரம்பு பொருந்தும். 2048 த்ரெட் கொள்ளும் எஸ்எம்-இல் 65,536-ஐ 2048-ஆல் வகுத்தால் 32 வரும் என்பதால் இந்த எண் கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் 60 ரெஜிஸ்டர் உண்மையில் வேண்டிய கெர்னல் அதில் நசுங்கி, மிச்சத்தை லோக்கல் மெமரியில் கொட்டும். கூடுதல் வார்ப்புகள் கிடைத்தும் ஒவ்வொன்றும் நினைவகத்துக்காகக் காத்திருக்கும். கம்ப்யூட் 8.6 (என்விடியாவின் கட்டமைப்பு எண்) ஜிபியுவில் எஸ்எம்-க்கு 1536 த்ரெட்தான் என்பதால் கணக்கே வேறு; அங்கே 40 ரெஜிஸ்டர் வரை முழுக் கொள்ளளவும் கிடைக்கும். ஒரே எண்ணை எல்லோருக்கும் சட்டை தைப்பது போல் தைக்க முடியாது. கெர்னலின் தலையில் __லாஞ்ச்_பவுண்ட்ஸ்__ எழுதுவதே முறை.

ஏஎம்டியில் இது இன்னும் அவசியம். ஹிப் கெர்னலில் எதுவும் சொல்லாவிட்டால் பிளாக்கில் 1024 த்ரெட் வரும் என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும். எம்ஐ200 வரிசையில் அதன் பொருள், த்ரெட்டுக்கு 512 வெக்டர் ரெஜிஸ்டர் கிடைக்க வழியிருந்தும் 128-இல் நிறுத்திவிடும். 256 த்ரெட்டோடுதான் எப்போதும் ஓட்டுகிறீர்கள் என்றால் __லாஞ்ச்_பவுண்ட்ஸ்__(256) என்று சொல்லிவிடுங்கள். வேறெதையும் தொடாமலே கொட்டல் நின்றுவிடுவதைப் பார்க்கலாம்.

படி 7: கம்பைல் நேரம் கையைக் கடித்தால்

"கம்பைல் நேரம் தாங்கவில்லை, ஓ-வைக் குறைக்கலாமா?" என்பது நியாயமான கேள்வி. குறைப்பதற்கு முன் --டைம் ஃப்ளாகால் எந்தக் கட்டம் நேரத்தைத் தின்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரே கெர்னலை ஏழெட்டு ஜிபியு கட்டமைப்புகளுக்குத் திரும்பத் திரும்பக் கம்பைல் செய்வதுதான் காரணமாக இருக்கும். எழுதும் காலத்தில் உங்கள் கணினியிலுள்ள ஒரே கட்டமைப்புக்கு மட்டும் கம்பைல் செய்யுங்கள், சிமேக் 3.24 முதல் கட்டமைப்புப் பட்டியலில் "நேட்டிவ்" என்று எழுதினால் போதும். வெளியீட்டு பில்டில் பட்டியல் நீளமாகவே இருக்க வேண்டுமென்றால் --த்ரெட்ஸ் 0 அவற்றை இணையாக ஓட்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது அன்ரோல், அதாவது சுற்றுகளை விரித்து எழுதுவது. உள்ளுக்குள் மூன்று அடுக்குச் சுற்றுகள் முழுவதும் விரிந்து, ஒரு கெர்னல் பல்லாயிரம் கட்டளைகளாகியிருக்கும். வெளிச் சுற்றுக்குப் ப்ராக்மா அன்ரோல் 1 என்று எழுதினால் கம்பைல் நேரமும் குறையும். கட்டளைக் கேஷ் தப்பாமல் கெர்னலும் வேகமாகலாம். இவற்றுக்குப் பிறகும் தாங்கவில்லையென்றால், புதிய என்விசிசி பதிப்புகளில் --ஓஃபாஸ்ட்-கம்பைல் உண்டு. மின், மிட், மேக்ஸ் என்று மூன்று நிலைகள். எழுதும் காலத்துக்கு மின் போதும். வெளியீட்டு பில்டில் இது வரக் கூடாது.

தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்து -ஆர்டிசி=ட்ரூ வழியில் இணைப்பவர்கள் ஓர் இழப்பை மறந்துவிடுகிறார்கள்: கோப்பு தாண்டிய இன்லைனிங் போய்விடும். ஓ3 என்று எழுதியிருந்தும் கெர்னலுக்குள் உண்மையான அழைப்புகள் நடக்கும். கியூடா 11.2 முதல் உள்ள -டிஎல்டிஓ இணைப்பு நேரத்தில் அதை மீட்டுத் தருகிறது.

படி 8: டிரைவர் கம்பைல் செய்வதையும் கணக்கில் கொள்ளுங்கள்

கோப்புக்குள் உரிய இயந்திரக் குறியீடு இல்லையென்றால் டிரைவர் பிடிஎக்ஸை எடுத்து, ஓடும் கணத்தில் கம்பைல் செய்யும். அங்கே ஆப்டிமைசேஷன் அளவு 0 முதல் 4 வரை, இயல்புநிலை 4. உங்கள் பில்டில் -எக்ஸ்பிடிஎக்ஸ்ஏஎஸ் வழியாகச் சொன்ன எதுவும் அங்கே போய்ச் சேராது. அதாவது புதிய ஜிபியு வாங்கியவர் ஓட்டுவது நீங்கள் சோதிக்காத ஒரு கெர்னல். கியூடா_ஃபோர்ஸ்_பிடிஎக்ஸ்_ஜிட் என்ற சூழல் மாறியை 1 என்று வைத்து உங்கள் சோதனைகளை வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள். பிடிஎக்ஸைக் கோப்பில் சேர்க்க மறந்திருந்தாலும் அப்போதே தெரியவரும்.

படி 9: நினைத்தது நடந்ததா என்று பாருங்கள்

என்விசிசிக்கு --டிரைரன், கிளாங்குக்கு -###, ஹிப்சிசிக்கு ஹிப்சிசி_வெர்போஸ்=1. இவை உண்மையில் ஓடும் உள்கட்டளைகளை அச்சிடும். பிடிஎக்ஸ்ஏஎஸ் வரியைத் தேடி, அதில் -ஓ0-வோ டிவைஸ் டீபக்கோ ஒட்டியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. பல நாள் குழப்பத்தை மிச்சமாக்கும்.

பிறகு -எக்ஸ்பிடிஎக்ஸ்ஏஎஸ் -வி சேர்த்துக் கம்பைல் செய்யுங்கள். ஒவ்வொரு கெர்னலுக்கும் ஸ்டாக் எத்தனை பைட், கொட்டிய எழுத்து எத்தனை பைட், கொட்டிய வாசிப்பு எத்தனை பைட், ரெஜிஸ்டர் எத்தனை என்று வரும். முதல் மூன்றும் 0 என்றால் நிம்மதி. கொட்டல் சுழியாக இருந்தும் ஸ்டாக் மட்டும் நூற்றுக்கணக்கில் இருந்தால், மாறும் குறியெண்ணால் அணுகும் உள் அரே ஒன்று இருக்கிறது, அல்லது இன்லைன் ஆகாத அழைப்பு இருக்கிறது, அல்லது பெரிய -ஜி எங்கிருந்தோ நுழைந்துவிட்டது. ஏஎம்டியில் இதே விவரத்தை -ஆர்பாஸ்-அனாலிசிஸ்=கெர்னல்-ரிசோர்ஸ்-யூசேஜ் தரும்; அங்கே ஸ்கிராட்ச் என்ற எண்ணைப் பாருங்கள்.

இந்த எண்களைத் தானியங்கி பில்டில் ஒரு கோப்பாகச் சேமித்து, முந்தைய கோப்போடு ஒப்பிடும் ஒரு சிறு ஸ்கிரிப்டு எழுதிவையுங்கள். கம்பைலர் பதிப்பை உயர்த்தும் நாளில் ரெஜிஸ்டர் 40-இலிருந்து 48-க்குத் தாவினால், 8.6 ஜிபியுவில் 1536 த்ரெட்டும் ஒன்றாக நிற்க இடமில்லாமல் போயிருக்கும். ஸ்கிரிப்டு அதைப் பெஞ்ச்மார்க் ஓட்டுவதற்கு முன்பே சொல்லிவிடும்.

ஒரு கெர்னல் ஓ3-இல் மட்டும் தவறான விடை தந்தால் தேடும் வரிசை: முதலில் சோதனை பில்டில் ரேஸ்செக், அடுத்து மெம்செக், அடுத்து இனிஷியலைஸ் ஆகாத நினைவகத்துக்கு இனிட்செக், அதன்பின் பெருக்கிக்கூட்டல் இணைப்பை அணைத்த பில்டு. நான்கும் சுத்தமாக இருந்தால் மட்டும் பிடிஎக்ஸ்ஏஎஸ் அளவை 3, 2, 1, 0 என்று இறக்கிப் பாருங்கள். விடை சரியாகும் அளவு தெரிந்ததும், முழுத் திட்டத்தையும் அங்கே இறக்கிவிடாமல் அந்த ஒரு கோப்புக்கு மட்டும் இறக்குங்கள். பக்கத்திலேயே கம்பைலர் பதிப்பையும், எந்த நிலையில் எந்த விடை வந்தது என்பதையும் குறிப்பாக எழுதுங்கள். அடுத்த பதிப்புக்கு மாறும்போது முதலில் எடுத்துப் பார்க்க வேண்டிய வரி அது.